கூலி ரேட்டை யார் போடுகிறார்? சம்பளம், நிறுவன ஆளுகை, லாபம் பற்றி ஓர் எளிய விளக்கம்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், பருப்பின் தோலெடுப்புக்குக் கிலோ கணக்கில் கூலி தருவது வழக்கம். கிலோ எல்லாம் ஒரே கிலோதான், ஆனால் வேலை ஒன்றல்ல. 210 நம்பர் பருப்பு என்றால் ஒரு பவுண்டுக்கு 200 முதல் 210 வரை நிற்கும். கிலோவுக்கு ஏறத்தாழ 460. 450 நம்பர் என்றால் பவுண்டுக்கு 400 முதல் 450. கிலோவுக்கு ஆயிரத்தை நெருங்கிவிடும். பெரிய கொட்டை லாட்டில் உட்கார்ந்தவரைவிடச் சின்னக் கொட்டை லாட்டில் உட்கார்ந்தவர் இரண்டு மடங்கு பருப்பைக் கையால் தொட்டால்தான் அதே கூலி கிடைக்கும்.

“சாரே, இது பொடி அண்டியாக்கும், இந்த ரேட்டுக்குக் கட்டாது” என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரேட் எவ்வளவு என்பது சம்பளத்தைப் பற்றியது. அந்த ரேட்டை யார் போட்டார், எதை அளந்து போட்டார், தவறு என்றால் திருத்தும் அதிகாரம் யாரிடம் என்பது நிறுவன ஆளுகையைப் பற்றியது. மேலாண்மைப் பாடங்கள் இரண்டையும் தனித்தனி அத்தியாயமாக்கி வைத்திருக்கின்றன. லாபத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றையொன்று விட்டு நிற்காது.

சம்பளம் என்றால் எவ்வளவு?

தொழிலாளி கையில் வாங்குவதும் முதலாளி செலவழிப்பதும் ஒரே தொகை அல்ல. மாதம் 12,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தால் 13, அதாவது 1,560 ரூபாய். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்கு நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். குறைந்தபட்ச போனஸான 8.33 சதவீதத்தை முழு ஊதியத்துக்கும் போட்டால் 1,000 ரூபாய். பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், 26 நாளை ஒரு மாதமாக வைத்து. மாதத்துக்கு ஒதுக்கினால் 577 ரூபாய் வரும். ஆக மொத்தம் 15,500 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு ரூபாய் கூலி ஏற்றினால் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 29 காசு செலவு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். விடுப்புச் சம்பளம் இதில் சேரவில்லை.

இந்தச் செலவைக் குறைக்கப் பலர் கையாண்ட வழி, அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து மீதியைப் ‘படி’ என்று பல பெயரில் பிரித்துக் கொடுப்பது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத்துக்குப் புது வரையறை வந்திருக்கிறது. ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். பழைய பிரிப்புக் கணக்கை வைத்தே இந்த ஆண்டு பட்ஜெட் போடும் நிறுவனம், வைப்பு நிதியிலும் பணிக்கொடையிலும் பிறகு துண்டு விழுவதைப் பார்க்கும்.

கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் அடிமட்டம் உண்டு. அரசு நாள் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்திருந்தால், எடை போட்டு வரும் தொகை அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பொடி அண்டி வந்த நாளில்தான் இந்த விதி மீறப்படுகிறது. ரேட்டைப் பார்த்தால் தெரியாது, அன்றைய வரவைக் கூட்டிப் பார்த்தால் தெரியும்.

கூலி ஏற்றினால் லாபம் குறையுமா?

நாள் கூலி எவ்வளவு என்பதைவிட, விற்கத் தகுந்த ஒரு கிலோ சரக்குக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்பதே சரியான அளவு. கணக்குப் போட்டே பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஆலையின் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

80 கிலோ மூட்டை ஒன்றில் 22 கிலோ பருப்பு கிடைக்கிறது. அதில் முழுப் பருப்பு 65 சதவீதம், மீதி உடைசல். முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் கிலோவுக்கு 150 ரூபாய் விலை வித்தியாசம். கூலியைக் கிலோவுக்கு 6 ரூபாய் ஏற்றி, அவசரப்படாமல் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். 22 கிலோவுக்குக் கூடுதல் கூலி 132 ரூபாய். மேலே பார்த்த கணக்கில் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 171 ரூபாய் செலவு. முழுப் பருப்பு 75 சதவீதம் ஆகிறது என்றால் 2.2 கிலோ உடைசல் முழுதாக மாறியிருக்கிறது. வரவு 330 ரூபாய். மூட்டைக்கு 159 ரூபாய் மிச்சம். நாளொன்றுக்கு 50 மூட்டை ஓடும் ஆலைக்கு அது 7,950 ரூபாய்.

ஆனால் முழுப் பருப்பு 70 சதவீதத்தில் நின்றுவிட்டால்? வரவு 165 ரூபாய், செலவு 171. மூட்டைக்கு 6 ரூபாய் நட்டம். முழுப் பருப்பின் பங்கு ஏறத்தாழ ஐந்தேகால் சதவீதப் புள்ளி கூடினால்தான் இந்தக் கூலி உயர்வு தன் செலவைத் தானே கட்டும். கூலி ஏற்றுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாக வாதாடுவதில் பயனில்லை. இந்த ஐந்தேகால் எட்டுமா, எட்டவிடாமல் தடுப்பது எது என்றுதான் பார்க்க வேண்டும்.

தடுப்பது பெரும்பாலும் தோலெடுப்பவரின் கை அல்ல. உடைத்தெடுத்த பருப்பு போர்மா என்ற சூட்டறைக்குள் போய்க் காய்ந்து வர வேண்டும். காய்ச்சல் போதாவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்ட வேண்டி வரும், பருப்பில் வடு விழும், நேரமும் போகும். காய்ச்சல் மிஞ்சினால் கை பட்டதுமே இரண்டாகப் பிளக்கும். இரண்டிலும் உடைசல் கூடும். போர்மா பார்க்கிறவருக்கு மாதச் சம்பளம், தோலெடுப்பவருக்கு எடைக் கூலி, உடைசலுக்குப் பிடித்தம் தோலெடுப்பவரிடம் என்று இருந்தால், தவறு ஓரிடத்தில் நடக்கிறது, தண்டனை வேறிடத்தில் விழுகிறது. இப்படி இருக்கும்வரை கூலியை 6 ரூபாய் ஏற்றினாலும் 10 ரூபாய் ஏற்றினாலும் தரம் அசையாது. ட்ரே ஒவ்வொன்றிலும் போர்மா ஷிப்டையும் லாட் எண்ணையும் எழுதிய ஒரு சீட்டு போதும், உடைசல் எங்கே கூடுகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அந்தச் சீட்டை எழுத வைக்க யாருக்கு அதிகாரம், அதைப் படித்து முடிவெடுப்பவர் யார் என்பதுதான் ஆளுகை. அது பெரிய கம்பெனிகளின் போர்டு ரூமில் மட்டும் இருப்பதாக நினைப்பது தவறு.

எதை அளந்து கூலி தருகிறோமோ அதுதான் கூடும், அளக்காதது கெடும். குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இதை மரத்திலேயே பார்க்கலாம். பால் எடைக்கு மட்டும் கூலி என்றால் பால்வெட்டுக் கத்தி ஆழமாக இறங்கும். பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவாவது இடைவெளி விட்டு வெட்ட வேண்டும். கத்தி அதைத் தொட்டுவிட்டால் காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுசுற்றில் அந்த இடத்தில் வெட்ட முடியாது. இந்த ஆண்டு வருமானம் கூடும், பத்தாண்டு வருமானம் போகும். லிட்டருக்குக் கூலி என்றால் பாலில் தண்ணீர் கலக்கும். வெட்டும் மரத்தின் எண்ணிக்கைக்கு மட்டும் கூலி என்றால் மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சேர்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். அதனால்தான் மர எண்ணிக்கைக்கு அடிப்படைக் கூலி, உலர் ரப்பர் அளவுக்கு மேற்கூலி, வெட்டுத் தரத்துக்கு அவ்வப்போது சோதனை என்று மூன்றையும் கலந்து வைப்பது நல்ல வழக்கம். மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் மரத்தைத் தின்றுவிடும்.

ஃபோர்டு: கூலி உயர்வும் பங்குதாரர் வழக்கும்

கூலி உயர்வு லாபம் தரும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனம். 1913-ல் அங்கே ஆட்கள் வேலையை விட்டுப்போகும் விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதம். நூறு இடத்தை நிரப்பி வைக்க ஓராண்டில் 370 பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு ஒரு நாள் வருமானத்தை 2.34 டாலரிலிருந்து 5 டாலராக உயர்த்தினார். வேலை நேரத்தையும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். 1915-ல் விட்டுப்போகும் விகிதம் 16 சதவீதத்துக்கு இறங்கியது. வேலைக்கு வராமல் நிற்பதும் குறைந்தது. சந்தைக் கூலிக்கு மேலே கொடுத்து, வேலையை இழப்பது நட்டம் என்று தொழிலாளி நினைக்கும்படி செய்வதைப் பொருளியலில் திறன் ஊதியம் என்கிறார்கள்.

பலர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பகுதிதான் ஆளுகைப் பாடம். 1916-ல் ஃபோர்டு, பங்குதாரர்களுக்குத் தந்துவந்த சிறப்பு ஈவுத்தொகையை நிறுத்தி, பணத்தை ஆலை விரிவாக்கத்துக்கும் கார் விலைக் குறைப்புக்கும் திருப்பினார். பத்து சதவீதப் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். 1919-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், வணிக நிறுவனம் நடத்தப்படுவது முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்கே என்று சொல்லி, 19 மில்லியன் டாலருக்கு மேல் ஈவுத்தொகை தரச் சொன்னது. கூலி, விலை, முதலீடு, லாபப் பங்கு எல்லாம் ஒரே பையிலிருந்து போகின்றன. யாருக்கு எவ்வளவு என்பதை ஒரே மனிதர் தன் விருப்பப்படி முடிவுசெய்ய முடியுமா என்பதே அந்த வழக்கு.

இந்தியச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. 2013-ன் கம்பெனிகள் சட்டம் 166-வது பிரிவில், இயக்குநர் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டியது பங்குதாரர்களுக்காக மட்டும் அல்ல, நிறுவனம், ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனுக்காகவும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஊழியர் என்ற சொல் இயக்குநரின் கடமைப் பட்டியலுக்குள்ளேயே நிற்பதை நம்மூரில் தனியார் கம்பெனி பதிவுசெய்யும் பலர் வாசித்திருக்க மாட்டார்கள்.

ஆளுகை கெட்டால் சம்பளம் என்ன ஆகும்?

யார் முடிவெடுக்கிறார், யார் சரிபார்க்கிறார், தவறினால் யார் பதில் சொல்கிறார். ஆளுகையைத் தொடக்கநிலையில் இந்த மூன்று கேள்விகளாக வைத்துக்கொண்டால் போதும். சட்டம் தரும் உறுப்புகள் இவற்றுக்குத்தான்: இயக்குநர் குழு பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது, வெளித் தணிக்கையாளர் வேண்டும், பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்காவது, நிறுவனத்தோடு வேறு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும், தணிக்கைக் குழுவும் ஊதியக் குழுவும் வேண்டும்.

உறுப்புகள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஐடி நிறுவனமான சத்யம் சாட்சி. 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்தின் மேதாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கச் சத்யம் இயக்குநர் குழு ஒப்புக்கொண்டது. அந்தக் குழுவில் பேர்பெற்ற சுயேச்சை இயக்குநர்கள் இருந்தார்கள். தடுத்தது அவர்கள் அல்ல, முதலீட்டாளர்களின் கோபம். சில மணி நேரத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று நிறுவனர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணம் பெரும்பகுதி இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். ஒழுங்காக வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று நின்றார்கள்.

ஊக்கத்தொகை தானே ஆளுகையை உடைத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், ஒரு வாடிக்கையாளரிடம் பல கணக்குகளை விற்றே ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். 2016-ல் வெளியே வந்தபோது அப்படிப்பட்ட கணக்குகள் இருபது லட்சம் அளவுக்கு மதிப்பிடப்பட்டன, 18.5 கோடி டாலர் அபராதம். 5,300 பேர் வேலை நீக்கம். நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கீழ்மட்டத்தினர். போர்மாவின் தவறுக்குத் தோலெடுப்பவரிடம் பிடிக்கும் அதே ஏற்பாடுதான், பெரிய அளவில்.

கண்காணிப்பு தளர்ந்தால் சம்பளம் குறையத்தான் செய்யும் என்று நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. அமெரிக்க மாநிலங்கள் சில, நிறுவனத்தை வெளியார் கைப்பற்றுவதைக் கடினமாக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. பதவி போகும் பயம் நீங்கிய மேலாளர்கள் தம் பேரரசை விரிக்கப் போகவில்லை. சம்பளத்தை உயர்த்தினார்கள், குறிப்பாக அலுவலக ஊழியர்களுக்கு. புது ஆலை திறப்பதும் குறைந்தது, பழைய ஆலையை மூடுவதும் குறைந்தது. உற்பத்தித் திறனும் லாபமும் இறங்கின. தொந்தரவில்லாமல் காலம் ஓட்டக் கொடுத்த விலை அந்தச் சம்பளம். உயர்ந்த சம்பளம் என்றாலே நல்ல நிர்வாகம் என்று சொல்பவர்களுக்கு இது சரியான பதில். தரத்துக்காக ஏறியதா, தலைவலி தீர ஏறியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

குடும்பத் தொழிலில்

குமரி மாவட்டத்தில் பெரும்பாலான ஆலைகள் குடும்பக் கூட்டு நிறுவனங்கள். சுயேச்சை இயக்குநர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வழுக்கும் இடங்கள் தெரிந்தவைதான்.

முதலாவது, பங்காளிகளின் சம்பளம். கூட்டாண்மை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், தொழிலில் உழைக்கும் பங்காளிக்குச் சம்பளம் கேட்கச் சட்டப்படி உரிமை இல்லை. எழுதாமல் ஆளுக்கு ஆள் கல்லாவிலிருந்து எடுத்தால், சரக்கு வாங்க வைத்த பணம் கரையும். கொட்டை வாங்கும் பருவத்தில் கடன் வாங்க வேண்டி வரும். நெருக்கடியில் முதலில் தள்ளிப்போவது கூலி. வைப்பு நிதிக்காகத் தொழிலாளியிடம் பிடித்த தொகை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அதை எடுத்து வேறு செலவுக்குப் போடுவது வட்டியோடும் அபராதத்தோடும் முடியும், சில சமயம் குற்ற வழக்கிலும்.

இரண்டாவது, சொந்தக்காரரிடம் வாங்குவது. மச்சான் சாக்கு சப்ளை செய்யலாம், தப்பில்லை. வேறு இரண்டு இடத்து விலையையும் வாங்கி ஒரே தாளில் எழுதி, மச்சானோடு தொடர்பில்லாத பங்காளி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, எடை. தராசில் நிற்பவரும் கூலி பட்டுவாடா செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. மூட்டைக்கு 80 கிலோ உள்ளே போனால் பருப்பு, ஓடு, தோல், ஈர இழப்பு எல்லாம் சேர்த்து 80 கிலோவுக்குக் கணக்கு வர வேண்டும். எண்ணெய் ஆலைக்குப் போகும் ஓட்டை ரொக்கத்துக்கு விற்று ஏட்டில் ஏற்றாமல் விடுவது பழைய வியாதி. வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் இருக்கும் பெயர்களை மாதம் ஒரு முறை இஎஸ்ஐ எண்ணோடு ஒப்பிட்டால் வேலைக்கு வராத பெயர்கள் வெளியே வரும்.

தூத்தூர், சின்னத்துறைக் கடற்கரையில் ஆழ்கடல் படகுகள் பங்கு முறையில் ஓடுகின்றன. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் படகுக்காரரும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். லாபப் பங்கீட்டில் இதைவிட நேரடியான முறை கிடையாது. இங்கும் தகராறு வந்தால் பங்கு விகிதத்தில் அவ்வளவாக வராது, செலவுச் சீட்டில் வரும். டீசல் பில்லை எல்லோர் முன்னாலும் வாசிக்கும் படகில் ஆள் நிலைக்கும்.

பங்கு வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

நாகர்கோவிலில் டீமேட் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்தப் பகுதி. ஆண்டறிக்கையில் ஊழியர் செலவை மொத்த வருவாயால் வகுத்துப் பாருங்கள். ஐடி சேவை நிறுவனங்களில் அது பாதிக்கு மேல் இருக்கும். மூலப்பொருளே பெருஞ்செலவான முந்திரி மாதிரித் தொழிலில் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே ஒரே துறைக்குள் மட்டும், குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒப்பிட வேண்டும். விகிதம் ஏறுகிறது, ஊழியர் ஒருவருக்கு வரும் வருவாய் ஏறவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். அதிகச் சம்பளம் தரும் நிறுவனம் லாபத்தில் இருந்தால், சம்பளத்தால் லாபம் வந்ததா, லாபம் வந்ததால் சம்பளம் தர முடிந்ததா என்பதை ஓர் ஆண்டுக் கணக்கு சொல்லாது.

இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் நடுநிலை ஊழியர் ஊதியத்தைப் போல் (ஊதியங்களை வரிசையாக அடுக்கினால் சரியாக நடுவில் வருவது) எத்தனை மடங்கு என்பதை, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் வெளியிட்டே ஆக வேண்டும். மடங்கு பெரிதாக இருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். லாபம் இறங்கிய ஆண்டில் இயக்குநர் ஊதியம் ஏறி, ஊழியர் உயர்வு விகிதம் அதற்குப் பாதிகூட இல்லை என்றால் அங்கே ஊதியக் குழு பெயருக்குத்தான் இருக்கிறது. பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களில் மேலாண்மை ஊதியத்துக்கு நிகர லாபத்தில் 11 சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தோடு தாண்டலாம் என்பதால், அந்தத் தீர்மானம் வந்ததா என்று பார்க்கலாம்.

சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை ஒன்றையும் தர வேண்டும். அதில் ஊழியர் விட்டுப்போகும் விகிதம் மூன்று ஆண்டுக்கு, குறைந்தபட்ச ஊதியம் மட்டும் வாங்குவோர் எத்தனை பேர், ஆண், பெண் நடுநிலை ஊதியம் ஆகியவை கிடைக்கும். நிரந்தர ஊழியரையும் ஒப்பந்த ஊழியரையும் தனித்தனி வரிசையில் பாருங்கள். மொத்த எண் அழகாகத் தெரிவது ஒப்பந்த வரிசையை மறைத்துத்தான்.

அறிக்கையின் பின்பக்கம் தொடர்புடைய தரப்பினர் பரிவர்த்தனைப் பட்டியல், அதாவது நிறுவனத்தை நடத்துபவர்களோடும் அவர்கள் சொந்தக்காரர்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கல், இருக்கும். வாடகை, கடன், ‘ஆலோசனைக் கட்டணம்’ மூன்றும் ஆண்டுதோறும் பெருகுகின்றனவா என்று பாருங்கள். தணிக்கையாளர் நடுவழியில் விலகியிருந்தால், அவர் எழுதிய காரணத்தைப் படிக்காமல் பங்கு வாங்க வேண்டாம்.

பட்டியலிடாத தனியார் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கிறீர்கள், வேலைக்குச் சேரப் போகிறீர்கள் என்றாலும் வழி இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டி அந்தக் கம்பெனி தாக்கல் செய்த நிதி அறிக்கையையும் ஆண்டு விவரத்தாளையும் பார்க்கலாம். நிதி அறிக்கை, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளுக்குள்ளும், விவரத்தாள் 60 நாளுக்குள்ளும் தாக்கலாக வேண்டும். இரண்டு ஆண்டாக எதுவும் தாக்கல் ஆகவில்லை என்றால் முன்பணம் வாங்காமல் சரக்கு ஏற்ற வேண்டாம்.